'தெரிவிக்கப்படும்' – யாரால்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே கொஞ்சம் சீர் செய்திருக்கிறோம்.)

ஒரு மருத்துவ ஆய்வுல சாஃப்ட்வேர் ஆளுக்கு என்ன வேலைன்னு இந்த எபிசோடுல பேசலாம்னு போன தடவை சொல்லியிருந்தேன். வந்த மெசேஜ்ல பாதிப் பேர் ஏ.ஐ. கதை எதிர்பார்த்திருக்கீங்க. எக்ஸ்ரே பார்த்து நோய் கண்டுபிடிக்கிற மாதிரி ஏதாவது. மன்னிச்சிருங்க. இன்னைக்குப் பேசப் போறது, ஒரு டேட்டாபேஸ்ல இருந்திருக்க வேண்டிய, நான் வைக்காம விட்ட ஒரே ஒரு கட்டத்தைப் பத்தி.

முதல்ல பின்னணி. நான் படிச்சது இ.சி.இ. படிச்சதுக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லாம, ஓ.எம்.ஆர்ல ஒரு கம்பெனியில நாலு வருஷம் பேங்க் சாஃப்ட்வேர் எழுதிட்டிருந்தேன். 2022-ல ஒரு ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்பந்த அடிப்படையில ஆள் தேடுறாங்கன்னு தெரிஞ்சு சேர்ந்தேன். வயல்வேலை செய்யறவங்களுக்கு கிட்னி, சர்க்கரை, பிரஷர் எப்படி இருக்குன்னு சில கிராமங்கள்ல வீடு வீடா போய்ப் பார்க்கிற ஆய்வு. எந்த நிறுவனம், எந்த மாவட்டம்னு சொல்லப் போறதில்ல. கேட்டா உங்களுக்கே காரணம் புரியும்.

டீம்ல ஒரு பொதுமருத்துவர், ஒரு கிட்னி டாக்டர், ஒரு புள்ளியியல் நிபுணர், அந்தப் பகுதியில பதினஞ்சு வருஷமா வேலை பார்த்த ஒரு சமூகப்பணியாளர், வெளியில ஒரு லேப், வீடு வீடா போற ஆறு களப்பணியாளர்கள், அப்புறம் கிராம நர்ஸ். அவங்களை ஊர்ல எல்லாரும் நர்சம்மான்னுதான் கூப்பிடுவாங்க. நான் டேப்லெட் ஆப்பும் டேட்டாபேஸும். "அஞ்சு டேபிள் போட்டா முடிஞ்சுது"ன்னு முதல் நாள் சொன்னேன். அந்த வாக்கியத்தை வெச்சு இன்னும் என்னைக் கிண்டல் பண்றாங்க.

முதல் ரெண்டு மாசம் கோடே எழுதல. 'குடும்பம்'னா என்னன்னு சண்டை போட்டுட்டிருந்தோம். கிட்னி டாக்டருக்குக் குடும்பம்னா ரத்த உறவு. கல்யாணமாகி வேற ஊருக்குப் போன பொண்ணுக்கு கிட்னி பிரச்சனை இருந்தா அதுவும் அவருக்கு வேணும். புள்ளியியல் மேடத்துக்குக் குடும்பம்னா நம்ம மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இருக்கிற விளக்கம்: வழக்கமா ஒண்ணா இருந்து ஒரே சமையல்ல சாப்பிடறவங்க. எனக்குக் குடும்பம்னா ஒரு ஐ.டி. நம்பர். ஊர் ஜனங்களுக்கு ரேஷன் கார்டு. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு கார்டு இருக்கும். கார்டு ஒண்ணா இருந்தும் மாமியாரும் மருமகளும் தனித்தனியா உலை வெப்பாங்க.

இதைத் தீர்த்து வெச்சது சமூகப்பணியாளர் அண்ணன்தான். "எத்தனை அடுப்புன்னு கேளுங்க. ரத்த உறவைத் தனிக் கேள்வியா வைங்க. கார்டைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க, எடுத்தா ஏதோ திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்திருக்காங்கன்னு நினைச்சு அதுக்குத் தகுந்த மாதிரி பதில் சொல்வாங்க"ன்னார். ரெண்டு மாச சண்டை, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. அவரை முதல் மீட்டிங்கிலேயே பேச விட்டிருக்கலாம். மீட்டிங் ஆன்லைன்ல, சாயங்காலம் ஓ.பி. முடிஞ்சு டாக்டர்களுக்கு வசதியான நேரத்துல நடக்கும். அவர் அந்த நேரத்துல பஸ்ல இருப்பார். மியூட்லயே இருப்பார்.

இன்னொண்ணும் ஒத்துக்கிறேன். சம்மதப் படிவத்தோட மூணாவது பக்கத்துல ஒரு வரி இருந்தது. மிச்ச ரத்தத்தைப் பிற்காலத்துல வேற ஆய்வுக்கும் பயன்படுத்திக்கலாமான்னு. அதை ஆப்புல ஏத்தும்போது, டிக் போட்டாத்தான் அடுத்த ஸ்கிரீனுக்குப் போகும்னு வெச்சுட்டேன். ஃபார்ம்ல எதையும் காலியா விடக் கூடாதுங்கிறது எங்க தொழில் பழக்கம், கையே அப்படித்தான் போகும். அதாவது 'வேண்டாம்'னு சொல்ற வழியே இல்லாத ஒரு சம்மதப் படிவம். அறுபது பேருக்கு மேல போன பிறகு ஒரு களப்பணியாளர் தங்கச்சிதான் கவனிச்சாங்க. அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போய்க் கேட்டோம். ஒன்பது பேர் வேண்டாம்னாங்க.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். அதனால, இதே விஷயம் பெருசா வெடிச்ச ஒரு இடத்தைச் சொல்லிடறேன். அமெரிக்காவுல, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கோட அடியில ஹவாசுபாய்னு ஒரு சின்னப் பழங்குடிச் சமூகம் இருக்கு. அவங்கள்ல நிறைய பேருக்கு சர்க்கரை நோய். 1990-லேர்ந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவங்ககிட்ட ரத்தம் எடுத்தாங்க. சர்க்கரைக்கு ஒரு வழி கிடைக்கும்னு நம்பி ஜனங்க கொடுத்தாங்க. அந்த ரத்தம் அப்புறம் மனச்சிதைவு நோய் ஆய்வுக்கும், இவங்க மூதாதையர் எங்கேருந்து வந்தாங்கங்கிற ஆய்வுக்கும் போச்சு. தாங்க அந்தப் பள்ளத்தாக்குலயே தோன்றினவங்கங்கிறது அவங்க நம்பிக்கை. இல்ல, உங்க முன்னோர் ஆசியாவுலேர்ந்து வந்தவங்கன்னு அவங்க கொடுத்த ரத்தத்தை வெச்சே கட்டுரை எழுதினாங்க. 2003-ல அந்தச் சமூகத்துப் பெண் ஒருத்தர் அதே பல்கலைக்கழகத்துல நடந்த ஒரு முனைவர் பட்ட உரையைக் கேட்கப் போனப்பதான் இது வெளியில வந்தது. வழக்கு நடந்து, 2010-ல 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்து முடிச்சாங்க. கையெழுத்து வாங்கின தாள்ல பொதுவா, அகலமா எழுதியிருந்தாங்க. காதுல விழுந்தது சர்க்கரை மட்டும். என்னோட டிக் பாக்ஸ் அந்த வழியிலதான் முதல் படி.

சரி, முக்கியமான கதைக்கு வரேன்.

முதல் சுற்று ஜூன் மாசம். ரத்தம் எடுத்து, ட்யூப்ல பார்கோடு ஒட்டி லேப்புக்குப் போகும். லேப்புக்குப் பேர் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும். லேப் எக்செல்ல ரிசல்ட் அனுப்பும். அது என் சர்வர்ல ஏறும். அங்கேருந்து புள்ளியியல் மேடத்துக்குப் போகும். எந்த நம்பர் யாருங்கிற பட்டியல் தனி ஃபைல்ல, பாஸ்வேர்டு போட்டு, திட்ட ஒருங்கிணைப்பாளர்கிட்ட மட்டும் இருக்கும். பேரையும் ரிசல்ட்டையும் பிரிச்சு வைக்கணும்ங்கிறது நெறிமுறைக் குழுவோட நிபந்தனை. நல்ல நிபந்தனைதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. நானும் ரொம்பப் பெருமையா, சுத்தமா பிரிச்சுக் கட்டினேன்.

செப்டம்பர்ல ஒரு நாள் மேடத்துக்கிட்டேருந்து மெயில். "கிரியேட்டினின் வரைபடத்துல ஒரு புள்ளி மட்டும் தனியா மேல நிக்குது, 3.8. தசமப் புள்ளி இடம் மாறிடுச்சா? உங்க பக்கம் பக் இருக்கான்னு பாருங்க." கிரியேட்டினின்னா கிட்னி வேலை செய்யறதைக் காட்டற ஒரு அளவு. சாதாரணமா ஒண்ணை ஒட்டி இருக்கும். நான் லேப் அனுப்பின மூல ஃபைலைத் திறந்து பார்த்தேன். பக் இல்ல. 3.8-தான். லேப் சரிபார்க்க ரெண்டாவது தடவையும் ஓட்டியிருந்தாங்க, அதுலயும் கிட்டத்தட்ட அதேதான்.

ஃபைல் என் சர்வருக்கு வந்த தேதியைப் பார்த்தேன். பதினோரு வாரம் ஆகியிருந்தது.

அந்த நம்பர் யாருன்னு கண்டுபிடிக்க இன்னும் ரெண்டு நாள். ஒருங்கிணைப்பாளர் பிரசவ விடுப்புல இருந்தாங்க, பாஸ்வேர்டு அவங்ககிட்ட மட்டும்தான். கைக்குழந்தையோட இருக்கிறவங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன் பண்ணி பாஸ்வேர்டு கேட்டோம்.

மறுநாள் நர்சம்மாவோட நானும் போனேன். டாக்டர்தான் என்னையும் போகச் சொன்னார். ஏன்னு அப்பப் புரியல. அம்பது வயசு இருக்கிற ஒரு அம்மா. நாத்து நடவு, களை எடுப்புன்னு போறவங்க. முட்டி வலின்னு மெடிக்கல்ல சொல்லி வலி மாத்திரை வாங்கி தினமும் போட்டுட்டிருக்காங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல. அந்த வகை வலி மாத்திரை, ஏற்கெனவே நலிஞ்ச கிட்னிக்கு ஆகவே ஆகாது. ரிசல்ட் வந்த அன்னைக்கே யாராவது போயிருந்தா, அன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

நர்சம்மா பக்குவமா எடுத்துச் சொன்னாங்க. அந்த அம்மா கோபப்படல. எங்களை உட்கார வெச்சு டீ போட்டாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "ரத்தம் எடுத்துட்டுப் போனீங்க தம்பி. அப்புறம் யாரும் வரல. அப்ப ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"னு கேட்டாங்க.

அந்த ஊர்ல அன்னைக்கு ரத்தம் கொடுத்த அத்தனை பேரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டிருந்தாங்க. நாங்க எதுவும் சொல்லாததே அவங்களுக்கு ஒரு ரிசல்ட். 'நார்மல்'ங்கிற ரிசல்ட்.

கிட்னி டாக்டர்கிட்ட நான் தனியா கேட்டேன், இந்த பதினோரு வாரத்துல எவ்வளவு கெட்டிருக்கும்னு. "சொல்ல முடியாது"ன்னார். என்னைத் தேத்தறதுக்காகவும் சொல்லல, குத்திக் காட்டவும் இல்ல. நிஜமாவே சொல்ல முடியாது. அந்த அம்மா இப்ப அரசு மருத்துவமனைக்கு மாசாமாசம் போறாங்க. டயாலிசிஸ் வரைக்கும் இன்னும் போகல.

அந்த வாரம் ஒரு மீட்டிங். யார் தப்புன்னு கேட்க யாருக்கும் தைரியம் இல்ல, ஆனா எல்லாரும் அதுக்குத்தான் வந்திருந்தோம். பொதுமருத்துவர், களப்பணியாளர்கள் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சார். களப்பணியாளர்கள், ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டிருப்பாங்கன்னு நினைச்சாங்க. லேப், எங்களுக்குப் பேரே தெரியாதேன்னாங்க. மேடம், எனக்கு வர்றது நம்பர் மட்டும்தானேன்னாங்க. நான், டேட்டா பத்திரமா வந்து சேர்ந்துச்சே, என் வேலை முடிஞ்சுதேன்னேன். யாருமே பொய் சொல்லல. அவங்கவங்க துறையோட விதிப்படி அவங்கவங்க வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருந்தோம்.

அப்ப சமூகப்பணியாளர் அண்ணன் சம்மதப் படிவத்தை எடுத்தார். தமிழ்ப் படிவம். அதுல இருந்த வரியைப் படிச்சார்: "பரிசோதனை முடிவுகள் தங்களுக்குத் தெரிவிக்கப்படும்." படிச்சுட்டு நிமிர்ந்து, "யாரால்?"னு கேட்டார்.

ஸ்கூல்ல செய்வினை, செயப்பாட்டு வினைன்னு படிச்சிருப்போம். 'முருகனால் பாடம் படிக்கப்பட்டது.' அதுல முருகனாவது இருந்தார். எங்க படிவத்துல அவரும் இல்ல. அண்ணன் அதே பேனாவால படிவம் முழுக்க 'படும்'களைச் சுழிச்சுட்டே போனார். சேகரிக்கப்படும், பாதுகாக்கப்படும், பயன்படுத்தப்படும், அழிக்கப்படும். பதினாலு இருந்தது. ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு ஆளோட பொறுப்பை எழுதற வரைக்கும் மீட்டிங் முடியாதுன்னார். நாலு மணி நேரம் ஆச்சு. அன்னைக்கு அவர் மியூட்ல இல்ல.

அதுக்கப்புறம்தான் நான் பழைய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பல துறை, பல அமைப்பு சேர்ந்து செய்யற வேலையில இதை எப்படிச் சமாளிச்சிருக்காங்கன்னு. தேடினது எங்கேயோ, கிடைச்சது சேத்துப்பட்டு. நான் தினமும் ட்ரெயின்ல கடந்து போன இடம்.

1956-ல அங்க காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன்ல இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் – நாலு அமைப்பு சேர்ந்து. நாலு பேர் சேர்ந்தா எங்க ஆபீஸ்ல டீ யார் வாங்கறதுன்னே முடிவாகாது.

அன்னைக்குக் காசநோய்னா சானடோரியம். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, படுக்கையில ஓய்வு. மாசக்கணக்குல. ஆனா நாட்டுல நோயாளிகள் லட்சக்கணக்குல, படுக்கைகள் ஆயிரக்கணக்குல. அதோட, தினக்கூலி வாங்கற அப்பா ஒரு வருஷம் படுக்கையில கிடந்தா வீட்டுல உலை வெக்கிறது யாரு? அதுக்குள்ள நல்ல மருந்துகள் வந்திருந்தது. அப்ப கேள்வி: இதே மருந்தை வீட்டுல வெச்சே கொடுத்தா என்ன?

193 நோயாளிகள், எல்லாரும் சென்னையோட ஏழைக் குடும்பங்கள். பாதிப் பேர் வீட்டுல, பாதிப் பேர் சானடோரியத்துல. யார் எங்கங்கிறதை டாக்டர் முடிவு பண்ணல, குலுக்கல் மாதிரி. ரெண்டு பக்கமும் அதே மருந்து, ஐசோனியசிடும் பாஸும், ஒரு வருஷம். சானடோரியத்துல இருந்தவங்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் எவ்வளவோ மேல. எடையும் அவங்களுக்குத்தான் கூடுதலா ஏறுச்சு. ஆனா 1959-ல வெளியான முடிவு: வருஷக் கடைசியில நோய் அடங்கினவங்க சானடோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86 சதவீதம். இட்டு நிரப்ப முடியாத வித்தியாசம் இல்ல அது. அடுத்த பயம், வீட்டுல இருக்கிற பிள்ளைகளுக்கு ஒட்டிக்குமேங்கிறது. குடும்பத்துல இருந்தவங்களை அஞ்சு வருஷம் தொடர்ந்து பரிசோதிச்சாங்க. நோயாளி வீட்டுலயே சிகிச்சை எடுத்த குடும்பங்கள்ல நோய் கூடுதலா வரல. ஆபத்தெல்லாம் பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருந்தது. உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வெச்சதுல இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாட்டி காலத்துப் பெருமை பேச இதைச் சொல்லல. அன்னைக்கு நோயாளியை நம்பாத ஒரு தன்மையும் அதுல இருந்தது. முன்கூட்டியே சொல்லாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவாங்க. சிறுநீர் வாங்கி அதுல மருந்து தெரியுதான்னு சோதிப்பாங்க. நிறைய பேர் மருந்தை ஒழுங்கா எடுக்கலைன்னு அதுல தெரிஞ்சு, கண் முன்னாடியே மருந்து கொடுக்கிற முறை இங்கேருந்து வளர்ந்துச்சு. இப்ப இதோட நவீன வடிவம் 99டாட்ஸ்: மாத்திரையைப் பிதுக்கினா பின்னாடி ஒரு ஃபோன் நம்பர் தெரியும், அதுக்கு மிஸ்டு கால் கொடுக்கணும். எங்க ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கிற டிசைன். ஆனா மிஸ்டு கால் சொல்றது மாத்திரை அட்டையை விட்டு வெளியில வந்துச்சுன்னுதான். வாய்க்குள்ள போச்சான்னு 1956-ல சிறுநீர் சொன்ன அளவுக்கு இது சொல்லாது.

நான் அந்த ஆய்வுல பார்த்தது வேற. சேத்துப்பட்டுல லேப்ல சளி ரிசல்ட் வந்தா, அதுக்காக ஒரு ஆள் காத்துட்டிருந்தார். சிகிச்சை கொடுக்கிற டாக்டர். ஆராய்ச்சியும் வைத்தியமும் ஒரே கட்டடத்துல நடந்தது. நோயாளிக்கு மருந்து வாங்க அங்க வந்துதான் ஆகணும், வராட்டி ஒருத்தர் வீடு தேடி வருவார். வீட்டுப் பிள்ளைக்கு எக்ஸ்ரேல ஏதாவது தெரிஞ்சா அது கட்டுரைக்கான எண் மட்டும் இல்ல, அந்தப் பிள்ளைக்கும் வைத்தியம் ஆரம்பிக்கும். எங்க திட்டத்துல லேப் ரிசல்ட்டுக்காகக் காத்துட்டிருந்த ஒரே ஆள் புள்ளியியல் மேடம். அவங்களுக்கு வேண்டியது எல்லா ரிசல்ட்டும் சேர்ந்த மொத்தம். ஒரே ஒரு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க நாங்க யாரையும் வெக்கல.

சரி, என்ன மாத்தினோம்? முதல்ல டாக்டர்கள் உட்கார்ந்து, எந்த அளவைத் தாண்டினா அவசரம்னு ஒரு பட்டியல் போட்டாங்க. அதைத் தாண்டினா லேப் அன்னைக்கே ஃபோன் பண்ணணும், பேர்ப் பட்டியலைத் திறக்க ரெண்டு பேருக்கு அனுமதி, ஒருத்தர் லீவுல இருந்தாலும் இன்னொருத்தர் இருப்பார். நெறிமுறைக் குழுகிட்டயே போய்க் கேட்டோம். அவங்க முகத்துல, 'இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே'ன்னு எழுதியிருந்தது. பேரைப் பிரிச்சு வைக்கச் சொன்னாங்களே தவிர, தொலைச்சுடச் சொல்லல.

என் பங்குக்கு அந்தக் கட்டத்தை வெச்சேன். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் பக்கத்துல: யார் சொன்னது, எந்தத் தேதி, என்ன சொன்னாங்க. அது நிரம்பற வரைக்கும் அந்த வரி மூடாது. ஏழு நாள் தாண்டினா சிவப்பாகும், மினுக்கும், மெயில் போகும். ரொம்ப ஆசையா செஞ்சேன். நர்சம்மா பார்த்துட்டு, "இதெல்லாம் வேணாம் தம்பி, திங்கக்கிழமை காலையில யார் யாருன்னு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க"ன்னாங்க. வாட்ஸ்அப்ல பேரும் நோயும் போகக் கூடாது. கடைசியில, "மூணு பேர் பாக்கி"ன்னு எண்ணிக்கை மட்டும் வாட்ஸ்அப்ல போகும், அவங்க ஆப்பைத் திறந்து பார்த்துக்குவாங்கன்னு முடிவாச்சு. மினுக்கலை எடுத்துட்டேன்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல 2021-லேர்ந்து பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க இல்லையா? எங்க ஆளுங்களும் அவங்களும் ஒரே வாரத்துல ஒரே வீட்டுக்குப் போயிட்டிருந்தோம். ரெண்டு மெஷின், ரெண்டு அளவு, எது சரின்னு ஜனங்க கேட்பாங்க. நாங்க அவங்களைக் கூப்பிட்டுப் பேசவே இல்ல, ஏன்னா அவங்க எங்க 'டீம்'ல இல்ல. நர்சம்மாதான், "நீங்க ரெண்டு தடவை வந்துட்டுப் போயிடுவீங்க, அவங்க மாசாமாசம் வருவாங்க"ன்னாங்க. இப்ப பிரஷர், சர்க்கரை ரிசல்ட்டெல்லாம் அவங்க மூலமாவும் போகுது.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. ஊர்க்கூட்டம் போட்டு மொத்த முடிவையும் ஜனங்களுக்கே காட்டலாம்னு ஒரு யோசனை. நூறு நாள் வேலை முடிஞ்சு பெண்கள் வர்ற நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்துல வெச்சோம். நான் ஒரு மேப் போட்டிருந்தேன். தெரு வாரியா, எங்க ரத்தசோகை அதிகம், எங்க குடிப்பழக்கம் அதிகம்னு கலர் கலரா. ஸ்கிரீன்ல வந்ததும் முன்னாடி உட்கார்ந்திருந்த சிலர் சிரிச்சாங்க. பின்னாடியிலேருந்து ஒருத்தர் எழுந்து, "எங்க தெருவுக்கு மட்டும் எதுக்குய்யா கரும்சிவப்பு?"ன்னார்.

நம்ம ஊர்ல தெருன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. டேட்டாபேஸ்ல சாதின்னு ஒரு கட்டம் வைக்கவே கூடாதுன்னு நாங்க பெருமையா முடிவெடுத்திருந்தோம். தெருன்னு வெச்சிருந்த கட்டம் அந்த வேலையைச் செஞ்சுட்டுது. பேரை நீக்கியாச்சு, வீட்டு எண்ணை நீக்கியாச்சு, ஆனா அந்தக் கூட்டத்துல இருந்த எல்லாருக்கும் அது யாருன்னு தெரியும். தெரியாதவங்க நாங்க மட்டும்தான். அன்னைக்கு லேப்டாப்பை மூடிட்டு, அண்ணன் முன்னாடி போய் நின்னு மன்னிப்புக் கேட்டார். மேப் போட்டது நான், மன்னிப்புக் கேட்டது அவர். அடுத்த சுற்றுலேர்ந்து, பொதுவுல காட்டற எதையும் அந்த ஊர்ல அஞ்சு பேர் முன்கூட்டியே பார்த்துட்டுத்தான் காட்டணும்னு வெச்சிருக்கோம். ரெண்டு பக்கத்துத் தெருலேர்ந்தும் ஆள் உண்டு. போன மாசம் அவங்க ஒரு வரைபடத்தை வேண்டாம்னுட்டாங்க. புள்ளியியல் மேடத்துக்கு அதுல வருத்தம்தான், முக்கியமான முடிவு அது. தனியா அந்தத் தெருவுலயே, அந்த ஜனங்களுக்கு மட்டும் காட்டலாமான்னு இன்னும் பேச்சு ஓடிட்டிருக்கு.

அந்த முட்டி வலி அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். ரெண்டாவது சுற்றுக்குக் களப்பணியாளர் தங்கச்சி போனப்ப, "ட்யூப்ல என்ன நம்பர் ஒட்டறீங்க?"ன்னு கேட்டு, அதைக் காலண்டர்ல எழுதி வெச்சுக்கிட்டாங்களாம். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த நம்பருக்கு என்னன்னு சொல்லணும்"னாங்களாம். புதன்கிழமையே சொல்லியாச்சு. கட்டத்துல பார்த்தேன்.

இப்ப எங்களுக்கு இருக்கிற தலைவலி, திட்டப் பணம் மார்ச்சோட முடியுது. பட்ஜெட்ல லேப்புக்கு ஒரு தலைப்பு இருக்கு, டேப்லெட்டுக்கு இருக்கு, கட்டுரை வெளியிட இருக்கு. ரிசல்ட் சொல்லப் போற ஆளோட பஸ் செலவுக்கும் அவங்க நேரத்துக்கும் தலைப்பு இல்ல. இதுவரைக்கும் 'இதர செலவுகள்'ல ஓட்டிட்டிருந்தோம். தனித் தலைப்பு கேட்டு எழுதியிருக்கோம். "பரிசீலிக்கப்படும்"னு பதில் வந்திருக்கு. அண்ணன் அதையும் சுழிச்சு வெச்சிருக்கார்.

உங்கள்ல யாராவது இந்த மாதிரி ஆய்வுல ரத்தம் கொடுத்திருந்தா, ரிசல்ட் வந்துச்சா, யார் வந்து சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடு ரெண்டு வாரம் கழிச்சு.